லினக்ஸில் ஓடிய அசெம்பிளியை விண்டோஸுக்குக் கொண்டுபோனபோது பட்டது

"லினக்ஸ்ல நல்லா ஓடிட்டிருக்குங்க, விண்டோஸ்ல கம்பைல் பண்ணிக் குடுத்தாப் போதும்" என்று யாராவது ஒரு புரோகிராமை உங்கள் கையில் கொடுத்தால், விலை பேசுவதற்கு முன் அதற்குள் அசெம்பிளி கோப்பு (பிராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதிய கோப்பு) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கோப்பு, இருநூறு வரிதான் என்றாலும் சரி. அந்த இருநூறு வரி எனக்கு ஒரு மாதத்துக்கும் மேலான உழைப்பையும், கைக்கு வரவேண்டிய பணத்தையும், தூக்கத்தையும் சாப்பிட்டுவிட்டது. கோவையில் எனக்குத் தெரிந்த சி பிளஸ் பிளஸ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அசெம்பிளி என்றால் கல்லூரி லேபில் 8085 பிராசஸர் கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்ததோடு சரி. கேட்க ஆள் இல்லாமல் தனியாகத் திண்டாடினேன். அதனால்தான் பட்டதையெல்லாம் விரிவாக எழுதுகிறேன்.

வேலை இதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி ரோலைப் பிரித்து ஓடவிட்டு ஓட்டை, நீடில் லைன் (ஊசியால் விழும் கோடு), எண்ணெய்க் கறை எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் மெஷின் உண்டு. அதில் கேமரா பொருத்தி, பழுது இருக்கும் இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற புரோகிராம். மெஷின் செய்கிற கம்பெனி கோவைப் பக்கம். முதலில் வேலை பார்த்த இன்ஜினியர் லினக்ஸில் எழுதி, வேகம் போதாததால் உள்ளே இருந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் அசெம்பிளியில் எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு வரி கமென்ட் கிடையாது. வாடிக்கையாளர்களின் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் விண்டோஸ் என்பதால் அதற்கு மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். 90,000 ரூபாய் பேசி, 30,000 முன்பணம். ஒரு வார வேலை என்று அவர்களும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிராசஸர் ஒன்றுதானே, இன்டெல் கட்டளைகள் எங்கே ஓடினாலும் அதே கட்டளைகள்தானே?

கட்டளைகள் ஒன்றுதான். ஆனால் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, கூப்பிடுகிறவருக்கும் கூப்பிடப்படுகிறவருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: எந்த ரிஜிஸ்டரில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) எதை வைத்துக் கொடுப்பது, எதையெல்லாம் கெடுக்கலாம், ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி) எவ்வளவு இடம் விடுவது. காலிங் கன்வென்ஷன் என்பது இதுதான். 64 பிட்டில் லினக்ஸும் இன்டெல் மேக்கும் சிஸ்டம் ஃபைவ் என்கிற ஒரே ஒப்பந்தத்தைப் பின்பற்றுகின்றன. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்தது வேறு. சி எழுதும்போது இதையெல்லாம் கம்பைலர் பார்த்துக்கொள்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை. அசெம்பிளியில் கம்பைலரின் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒப்பந்தத்தை மீறினால் தவறு நடந்த இடத்தில் எதுவும் தெரியாது. எங்கேயோ தள்ளி, சம்பந்தமே இல்லாத வரியில்தான் அடி விழும்.

முதல் தடங்கல்கள் சின்னவை. கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் கோப்பு லினக்ஸில் எல்ஃப் வடிவம், விண்டோஸில் காஃப், மேக்கில் மாக்-ஓ. அசெம்பிளியைப் பிராசஸர் கோடாக மாற்றும் நாஸ்ம் அசெம்ப்ளர் மூன்றையும் தரும், கட்டளையில் வடிவத்தின் பெயரை மாற்றினால் போதும். அப்புறம் பெயர். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஃபங்ஷன் பெயரை அதன் இஷ்டத்துக்குத் திரித்துவிடும். அதனால் அறிவிப்பில் எக்ஸ்டர்ன் சி என்று போடாவிட்டால், எல்லாக் கோப்புகளையும் இணைக்கிற லிங்க்கர் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சொல்லிவிடும். மேக்கில் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு வேண்டும், 32 பிட் விண்டோஸிலும் சாதாரண சி ஃபங்ஷனுக்கு வேண்டும், 64 பிட் விண்டோஸிலும் லினக்ஸிலும் வேண்டாம். இதெல்லாம் லிங்க்கர் முகத்துக்கு நேரே சொல்கிற பிழைகள். அரை நாளில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. லிங்க் ஆகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்.

எங்கள் ஃபங்ஷனுக்கு ஆறு ஆர்கியுமென்ட்: ஃபிரேமின் முகவரி, ஒப்பிட வேண்டிய நல்ல துணிப் படத்தின் முகவரி, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எத்தனை பைட், மொத்தம் எத்தனை வரிசை, வரம்பு என்று ஒரு ஃப்ளோட் (தசம எண்), பழுது தெரிந்தால் கூப்பிட வேண்டிய சி ஃபங்ஷனின் முகவரி. லினக்ஸில் முதல் நான்கும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ் என்கிற ரிஜிஸ்டர்களில் வரும். ஃப்ளோட்டுக்குத் தனி ரிஜிஸ்டர் வரிசை என்பதால் எக்ஸ்எம்எம்0-இல் வரும். கடைசி முகவரி ஆர்8-இல். விண்டோஸில் முதல் நான்கும் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. ரிஜிஸ்டரில் வருவது அந்த நான்கோடு சரி. ஃப்ளோட்டும் கடைசி முகவரியும் ஸ்டாக்கில், ஃபங்ஷனுக்குள் நுழைந்தவுடன், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பி ரிஜிஸ்டரிலிருந்து 40-ஆவது பைட்டிலும் 48-ஆவது பைட்டிலும் இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். விண்டோஸில் இடத்தை வைத்துத்தான் கணக்கு. இரண்டாவது ஆர்கியுமென்ட் ஃப்ளோட் என்றால் அது எக்ஸ்எம்எம்1-இல் வரும், எக்ஸ்எம்எம்0-இல் வராது. முழு எண்ணும் ஃப்ளோட்டும் கலந்து வரும் ஃபங்ஷன்களில் பலருக்கும் இங்கேதான் சறுக்கும்.

இதற்குத் தீர்வாக, ஃபங்ஷனின் தலையில் ஆறு நகர்த்தல் வரிகளைப் போட்டு விண்டோஸ் ரிஜிஸ்டர்களை லினக்ஸ் ரிஜிஸ்டர்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது பாதித் தீர்வு. விண்டோஸில் ஆர்டிஐயும் ஆர்எஸ்ஐயும் கூப்பிட்டவருக்குச் சொந்தம். நாம் தொட்டால் திரும்பும்போது பழைய மதிப்போடுதான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. லினக்ஸில் அந்த இரண்டையும் கெடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே முதலில் இரண்டையும் ஸ்டாக்கில் புஷ் செய்து, அதாவது சேமித்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு புஷ்ஷும் 8 பைட் என்பதால், இரண்டையும் புஷ் செய்தவுடன் 40 என்பது 56 ஆகிவிடும், அதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது பழுது தெரிந்ததும் அசெம்பிளிக்குள்ளிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம். டீபக் பில்டில் (பிழை தேடுவதற்காகக் கம்பைல் செய்தது) பழுது உள்ள துணியைக் காட்டியவுடன் புரோகிராம் கிராஷ் ஆகி விழும், ரிலீஸ் பில்டில் (வேகத்துக்காகச் சீர்செய்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பது) நன்றாக ஓடும். காரணம் இது: விண்டோஸில் யாரையாவது கூப்பிடுவதற்கு முன் ஸ்டாக்கின் உச்சியில் 32 பைட் காலி இடம் விட வேண்டும். ஷேடோ ஸ்பேஸ் என்று பெயர். ஆர்கியுமென்ட் ஒன்றுகூட இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் விட்டாக வேண்டும். கூப்பிடப்பட்ட சி ஃபங்ஷன் அந்த 32 பைட்டைத் தன் சொந்த இடமாக நினைத்து எழுதும். டீபக் பில்டில் கம்பைலர் வந்த ஆர்கியுமென்ட்களை உடனே அங்கே கொட்டி வைக்கும், ரிலீஸில் பெரும்பாலும் அதைத் தொடாது. லினக்ஸ் அசெம்பிளியில் அந்த இடம் விடப்படவே இல்லை. அதனால் நாங்கள் ஸ்டாக்கில் சேமித்து வைத்திருந்த ரிஜிஸ்டர்கள் மேல் சி ஃபங்ஷன் எழுதிவிட்டது. கூடவே, கூப்பிடும் நொடியில் ஆர்எஸ்பி 16-ஆல் வகுபட வேண்டும் என்கிற விதியும் உண்டு. இது இரண்டு ஒப்பந்தத்துக்கும் பொது. நீங்கள் கூடுதலாக ஒரு புஷ் போட்டால் கணக்கு பிசகி, கூப்பிடப்பட்ட ஃபங்ஷனின் நடுவில், உங்கள் கோடுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு எஸ்எஸ்இ கட்டளையில் (பல எண்களை ஒரே அடியில் கையாளும் வகை) போய் விழும். புஷ்களை எண்ணி, பக்கத்தில் கமென்ட்டாக எழுதி வையுங்கள்.

இதெல்லாம் சரிசெய்து, டீபக்கிலும் ரிலீஸிலும் விழாமல் ஓடியதும் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் போட்டுக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அடுத்த வேலையை எடுத்தேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்குக் கணக்கு புரோகிராம், பேசி முடித்த வேலை. அன்றைக்குச் சாயங்காலமே யூனிட் சூப்பர்வைசர் போன் செய்தார். "ஏனுங்க அம்மிணி, ஓட்டை எத்தனைன்னு சரியாத்தான் சொல்லுதுங்க. ஆனா அத்தனை ஓட்டையும் ஜீரோ மீட்டர்லயே இருக்குதுன்னு காட்டுதுங்களே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்துட்டுச் சொல்றேங்கண்ணா" என்று வைத்துவிட்டு, காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே. திரையில் பழுதுகளின் பட்டியல். ஓட்டை, ஓட்டை, நீடில் லைன், மறுபடி ஓட்டை. வகை சரி, எண்ணிக்கை சரி, படம் சரி. மீட்டர் என்கிற கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ் வரை 0.00. மீட்டரைக் கணக்கிடுவது சாதாரண சி பிளஸ் பிளஸ் வரி: துணியோடு சுற்றும் உருளையின் சென்சார் எத்தனை துடிப்பு கொடுத்திருக்கிறது என்பதை ஒரு துடிப்புக்கு இத்தனை மீட்டர் என்கிற எண்ணால் பெருக்குவது. அசெம்பிளிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. டீபக் பில்டைப் போட்டால் மீட்டர் ஒழுங்காக வருகிறது. ரிலீஸ் போட்டால் 0.00. முன்பு டீபக்கில் விழுந்து ரிலீஸில் ஓடியது, இப்போது நேர் எதிர். என் லேப்டாப்பில் சோதித்தபோது உருளை இல்லாததால் மீட்டர் கட்டத்தை யாரும் பார்க்கவே இல்லை. மெஷின் கம்பெனிக்காரர் கேமராவைக் குறை சொன்னார், நான் உருளையின் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். சூப்பர்வைசர் பாவம், டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, பழையபடி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

கடைசியில் பிடிபட்டது, புரோகிராமை அடி அடியாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரின் ரிஜிஸ்டர் ஜன்னலில்தான். ரிலீஸ் பில்டை அப்படியே டீபக்கரில் ஓடவிட்டு, அசெம்பிளி ஃபங்ஷனைக் கூப்பிடும் கட்டளையில் நிறுத்தினேன். எக்ஸ்எம்எம்6-இல் துடிப்புக்கு இத்தனை மீட்டர் என்கிற அந்த எண் டபிளாக (64 பிட் தசம எண்) உட்கார்ந்திருந்தது. ஒரு அடி தாண்டி, ஃபங்ஷன் முடிந்து திரும்பிய இடத்தில் பார்த்தால் அதே எக்ஸ்எம்எம்6-இல் ஏதோ ஒரு சின்ன முழு எண். விஷயம் இதுதான்: லினக்ஸ் ஒப்பந்தத்தில் எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் கூப்பிடப்பட்டவர் கெடுக்கலாம். விண்டோஸில் 0 முதல் 5 வரைதான் கெடுக்கலாம். 6 முதல் 15 வரை திரும்பும்போது அப்படியே இருக்க வேண்டும். அதை நம்பித்தான் கம்பைலர், லூப் முழுக்க மாறாத அந்த எண்ணை மெமரியில் வைக்காமல் எக்ஸ்எம்எம்6-இல் வைத்திருந்தது. பழைய இன்ஜினியரோ, பிக்சல் வித்தியாசங்களைக் கூட்டிச் சேர்க்க அதே எக்ஸ்எம்எம்6-ஐப் பயன்படுத்தியிருந்தார். லினக்ஸில் அது முழுக்க நியாயம். ஒரு சின்ன முழு எண்ணின் பிட்களை டபிளாகப் படித்தால் பூஜ்யத்தை ஒட்டிய மிக மிகச் சிறிய எண்தான் கிடைக்கும். எதால் பெருக்கினாலும் 0.00. டீபக்கில் கம்பைலர் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து எடுத்துக்கொண்டதால் தப்பித்தது.

கண்டுபிடித்த சந்தோஷத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக வந்தது. 0.00 என்று வந்ததால் கண்ணில் பட்டது. அந்த ரிஜிஸ்டரில் வேறு ஏதாவது இருந்து, மீட்டர் கொஞ்சமே கொஞ்சம் தவறாக வந்திருந்தால்? யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் துணி தவறான இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அன்றைக்குத்தான் விழுகிற புரோகிராமைவிட விழாத புரோகிராமை அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். விழுகிறதா என்று மட்டும் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஃபங்ஷனை வரி வரியாக இரண்டு ஒப்பந்தங்களோடும் ஒப்பிட ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்தபோது இன்னும் இரண்டு பொறிகள் கிடைத்தன. ஒன்று ரெட் ஸோன். வேறு யாரையும் கூப்பிடாத ஃபங்ஷன், ஆர்எஸ்பிக்குக் கீழே 128 பைட் வரை அனுமதி கேட்காமல் எழுதலாம் என்று லினக்ஸ் ஒப்பந்தம் சொல்கிறது. விண்டோஸில் அப்படி ஒரு சலுகை இல்லை, ஆர்எஸ்பிக்குக் கீழே இருப்பது எப்போது வேண்டுமானாலும் அழிக்கப்படலாம். பெரும்பாலும் ஓடும், எப்போதாவது ஒருநாள் கெடும். இரண்டாவது, வரிசைக்கு எத்தனை பைட் என்கிற அந்த ஆர்கியுமென்ட். சி அறிவிப்பில் அது இன்ட், அதாவது 32 பிட். அசெம்பிளி அதை 64 பிட் ரிஜிஸ்டராக எடுத்து முகவரியோடு கூட்டியது. மேல் 32 பிட்டில் என்ன இருக்கும் என்று ஒப்பந்தம் உறுதி தருவதில்லை. லினக்ஸில் எண் எப்போதும் பாசிட்டிவ், மேலே பூஜ்யம் இருந்ததால் ஓடியது. விண்டோஸ் பிட்மேப்பில் படம் கீழிருந்து மேலாக அடுக்கப்படுவது வழக்கம் என்பதால், சில அமைப்புகளில் அந்த எண் நெகட்டிவாக வரும். மைனஸ் 1,920 என்பது 32 பிட்டில் சரி. மேலே பூஜ்யத்தோடு 64 பிட்டாகப் படித்தால் 400 கோடியைத் தாண்டிய எண். லாங் என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும், மாற்றாதீர்கள். லாங் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட்தான். அசெம்பிளிக்குள் போகிற அளவுகள், இடைவெளிகள் எல்லாவற்றையும் இரண்டு இடத்திலும் பாயின்ட்டர் அளவே இருக்கும் பிடிஆர்டிஃப்-டி வகையில் அறிவியுங்கள், அதோடு தலைவலி போச்சு.

எக்ஸ்எம்எம்6-க்கு எளிய வழி, நுழையும்போது ஸ்டாக்கில் சேமித்து முடிக்கும்போது மீட்பது. முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் 64 பிட் விண்டோஸில் ஸ்டாக்கை நகர்த்தும் அல்லது இப்படி ரிஜிஸ்டரைச் சேமிக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், எதை எங்கே சேமித்தது என்று சொல்லும் அன்வைண்ட் தகவல் தனி செக்ஷன்களில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கூப்பிட்ட சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்தால், அது அசெம்பிளியைத் தாண்டி மேலே போகத் தெரியாமல் புரோகிராமே முடிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் மாஸ்ம் அசெம்ப்ளரில் அதை எழுதத் தனி வசதி உண்டு, நாஸ்மில் கையால் கட்ட வேண்டும். யோசித்துப் பார்த்து வேறு வழிக்குப் போனேன். அசெம்பிளிக்குள்ளிருந்து யாரையும் கூப்பிடுவதையே எடுத்துவிட்டேன். பழுது இருக்கும் வரிசைகளை ஒரு அரேயில் குறித்துவிட்டுத் திரும்பும், மீதியைச் சி பிளஸ் பிளஸ் பார்த்துக்கொள்ளும். ஃபங்ஷனை எக்ஸ்எம்எம்0 முதல் 5 வரை ஆறே ரிஜிஸ்டருக்குள் அடக்கி எழுதினேன். பொது ரிஜிஸ்டர்களிலும் இரண்டு பக்கமும் கெடுக்கலாம் என்று இருக்கிற ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8 முதல் 11 வரை மட்டும். ஸ்டாக்கைத் தொடவே இல்லை. சேமிப்பதும் இல்லை, ஷேடோ ஸ்பேஸும் இல்லை, அன்வைண்டும் இல்லை. வேகத்தில் கண்ணுக்குத் தெரிந்த குறைவும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: அசெம்பிளி ஃபங்ஷனைச் சின்னதாக, யாரையும் கூப்பிடாததாக வையுங்கள்.

மேக் கதை சுருக்கமானது. கண்காட்சியில் காட்ட முதலாளி மகனின் மேக்புக்கிலும் ஓட வேண்டும் என்றார்கள். இன்டெல் மேக்குக்கு லினக்ஸ் ஒப்பந்தமே போதும், பெயருக்கு அடிக்கோடு மட்டும் சேர்க்க வேண்டும். மாறிலிகளின் 32 பிட் நேரடி முகவரியை மாக்-ஓ 64 ஏற்காது. நாஸ்ம் கோப்பின் தலையில் டிஃபால்ட் ரெல் என்று ஒரு வரி போட்டால் அது தீரும், லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி செய்யவும் அதே வரி உதவும். ஆனால் அவருடையது 2020-இல் வந்த எம்1. அதன் பிராசஸரே இன்டெல் இல்லை, கட்டளைகளே வேறான ஏஆர்எம். இன்டெல் கோடை ஏஆர்எம்முக்கு மாற்றி ஓட்டும் ஆப்பிளின் ரோசெட்டா 2 வழியாக எங்கள் கோடு எஸ்எஸ்இ2 மட்டும் பயன்படுத்தியதால் ஓடியது. நேரடியாக ஓட அந்த ஃபங்ஷனைச் சாதாரண சியில் எழுதி, ஏஆர்எம் என்றால் அது, இல்லாவிட்டால் அசெம்பிளி என்று பிரித்துவிட்டேன். ஏஆர்எம் அசெம்பிளி எழுதப் போகிறவர்கள் ஆப்பிளில் எக்ஸ்18 ரிஜிஸ்டரைத் தொடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த சி வடிவம் எதிர்பாராத விதத்தில் பெரிய உதவியாக இருந்தது. ரேண்டம் படங்களைக் கொடுத்து, சி சொல்வதும் அசெம்பிளி சொல்வதும் ஒன்றா என்று ஒப்பிடும் சோதனையை எழுதினேன். கூடவே, அசெம்பிளியைக் கூப்பிடுவதற்கு முன் கெடுக்கக் கூடாத ரிஜிஸ்டர்கள் எல்லாவற்றிலும் தெரிந்த ஒரு எண்ணை நிரப்பி, திரும்பியதும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன உறை. இன்ட் ஆர்கியுமென்ட்களின் மேல் 32 பிட்டில் வேண்டுமென்றே குப்பையை நிரப்புவதும் அதிலேயே. எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, டாவ்1டி போன்ற வீடியோ புராஜெக்ட்களில் செக்அசெம் என்று இதே வேலைக்கு ஒரு சோதனைக் கருவி இருக்கிறது, கோடைத் திறந்து படிக்கலாம். எக்ஸ்264-இன் எக்ஸ்86இன்க் என்கிற மேக்ரோ கோப்பு, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் ரிஜிஸ்டர் பெயர்களை மாற்றி, சேமிப்பதையும் மீட்பதையும் பார்த்துக்கொள்கிறது. அதன் லைசென்ஸ் ஐஎஸ்சி, வியாபாரப் புரோகிராமிலும் போடலாம். இது இருப்பது எனக்கு முதலில் தெரிந்திருந்தால் பாதி நாட்கள் மிஞ்சியிருக்கும். இந்தச் சோதனையைப் பழைய கோப்பின் மேல் ஓடவிட்டபோது எக்ஸ்எம்எம்6, ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் மாட்டிக்கொண்டன. நான் திருப்பூர் பஸ்ஸில் போய் வந்து கண்டுபிடித்ததை.

லினக்ஸ் பக்கமும் ஒரு வரி பாக்கி. அசெம்பிளி கோப்பின் கடைசியில் நோட் குனு-ஸ்டாக் என்கிற காலி செக்ஷன் இல்லாவிட்டால், ஸ்டாக்கில் கோடு ஓடலாம் என்று லிங்க்கர் எடுத்துக்கொள்ளும். அது பாதுகாப்புக் கேடு. லினக்ஸ் லிங்க்கர் அடங்கிய தொகுப்பான பினுட்டில்ஸில், 2022-இல் வந்த 2.39 முதல் லிங்க்கர் இதை எச்சரிக்கையாகவே சொல்கிறது, அலட்சியப்படுத்தாதீர்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மீதி 60,000 ரூபாயை, எல்லா யூனிட்டிலும் சரியாக ஓடிய பிறகுதான் தருவோம் என்று நிறுத்தி வைத்தார்கள். தீபாவளிக்கு வரவேண்டியது பொங்கல் தாண்டித்தான் வந்தது. ஈரோட்டு மண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இழுத்தடித்த அந்த நாட்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது இந்த மாதிரி வேலை வந்தால் முதலில் கேட்பது, இந்த ஃபங்ஷன் அசெம்பிளியில் இருந்தே ஆக வேண்டுமா என்றுதான். இதே எஸ்எஸ்இ2 கட்டளைகளைச் சியிலிருந்தே எழுதும் இன்ட்ரின்சிக் வழி இருக்கிறது. ரிஜிஸ்டரையும் ஸ்டாக்கையும் கம்பைலரே கவனித்துக்கொள்ளும், பிராசஸர் இன்டெல் வகை என்றால் மூன்று ஓஎஸ்ஸிலும் அதே கோடு ஓடும். பெரும்பாலான வேலைக்கு அது போதும். முடியாது, அசெம்பிளிதான் என்றால் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனி விலை, சோதனை எழுதுவதற்குத் தனி விலை என்று எழுதிக் கொடுக்கிறேன். டீபக், ரிலீஸ் இரண்டு பில்டும் உண்மையான மெஷினில், உருளை சுற்றச் சுற்ற ஓடிக் காட்டிய பிறகுதான் வேலை முடிந்தது என்று அதிலேயே ஒரு வரி போட்டுவிடுகிறேன்.